தளம் போட்ட வியாழக்கிழமை

பங்குனியில் வானத்தை நம்ப முடியாது. ஐப்பசி என்றால் மழை வரும் என்று தெரியும். அதுக்கு ஏற்ற மாதிரி வேலையை வைத்துக்கொள்வோம். பங்குனி அப்படி இல்லை. காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும். மத்தியானத்துக்கு மேல் மேற்கே கிண்டி பக்கம் கறுக்கும். சில நாள் கறுத்ததோடு சரி. சில நாள் அரை மணி நேரம் கொட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வெளுத்துவிடும்.

நான் காங்கிரீட் போடுகிற மேஸ்திரி. எங்களுக்கு வானம் தேவைப்படுவது ஒரே ஒரு நாள்தான். கட்டடத்துக்கு மேலே கூரையாகத் தளம் போடுகிற நாள். மற்ற நாளில் மழை வந்தால் ஓரமாக உட்கார்ந்து டீ குடிக்கலாம். தளம் ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் பழைய கலவையும் புதுக் கலவையும் ஒட்டாது. ஆயுசுக்கும் ஒழுகும். போட்டு முடித்து ஆறேழு மணி நேரம், அது இறுகுகிற வரைக்கும், மேலே மழை விழக் கூடாது. அதுக்குப் பிறகு எவ்வளவு பெய்தாலும் நல்லதுதான். வலு ஏற நாங்களே மேலே தண்ணீர் கட்டித்தான் வைப்போம்.

இது மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் போட்ட தளம்.

வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். கீழே இரண்டு அறை, அவருடைய அப்பா காலத்தது. மேலே புதுசாக ஒரே ஒரு அறை எழுப்பினார். அது மகளுக்கு. மகள் கல்யாணமாகி ஆற்றோரம் குடிசையில் இருந்தவள். அங்கே எல்லாரையும் காலி பண்ணி ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். எட்டாவது மாடி. அவள் மயிலாப்பூரில் இரண்டு வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். விடியும் முன்னே பஸ் ஏற வேண்டும். திரும்பிப் போய்ச் சேரும்போது அவள் பெண் குழந்தை தூங்கியிருக்கும். ஜூனில் அந்தக் குழந்தையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். மயிலாப்பூரில் சேர்த்தால் அம்மா கூடவே இருக்கலாம். அங்கே சேர்த்தால் இந்தப் பிழைப்பு இப்படியேதான் ஓடும்.

ஜூனுக்குள் அறை முடிய வேண்டும். அதுதான் கணக்கு.

தளம் போட்டால் அடியில் இருக்கிற தகடும் முட்டுக்கம்பமும் பிரிக்க இருபத்தோரு நாள். அப்புறம் பூச்சு, தரை, கதவு, கரண்டு. சித்திரை பிறந்தால் என் ஆட்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விடுவார்கள். போனால் இருபது நாள் ஆகும் திரும்ப. அதனால் அந்த வாரம்தான். அந்த வாரத்தில் ஒரு நாள்.

எந்த நாள் என்று பேச ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரியும் வந்தாள். அவளும் என் கூடத்தான் வேலை செய்கிறாள். கலவைச் சட்டி தூக்குகிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. என்னைவிட அவள் சொல்லுக்குத்தான் ஆட்கள் அசைவார்கள்.

டிவியில் வானிலை ஓடிக்கொண்டிருந்தது. சென்னையில் வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும், ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும் என்றார்கள்.

"அந்த ஓரிரு இடத்துல நம்ம சந்து கீதா இல்லியான்னு கேட்டுச் சொல்லச் சொல்லு," என்றாள் என் வீட்டுக்காரி.

"அத்த வுடு. எம்பொண்ணு போன்ல வாரம் பூரா படம் போட்டு வருது," என்றார் ஆட்டோக்காரர். மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அன்றைக்கு அவளுக்கு லீவு. அங்கே அவள் வீட்டில் இருந்தாள்.

அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். "திங்கள் வெயில். செவ்வா வெயில். புதன் மேகம் மட்டும். வியாயன் நல்ல வெயில்ப்பா, சூரியன் பளிச்சுனு கீது. வெள்ளி மழ. சனி மழ, மின்னல் வேற."

திங்கள், செவ்வாய் முடியாது. கம்பி கட்டுகிற வேலை பாக்கி இருந்தது. புதன் வேறொரு இடத்தில் எனக்கு வேலை. "வியாழன்," என்றேன்.

"வியாயன்," என்றார் அவரும்.

"காலைல ஆறு மணிக்கு முதல் சட்டி."

ஆட்டோக்காரர் எழுந்து போய்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். நாலு தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ஆறுல இருந்து ஏயரை எமகண்டம் மேஸ்திரி. அதுல தளம் ஆரம்பிக்க மாட்டேன். நான் சவாரிகூட எடுக்க மாட்டேன்."

"ஆறரைக்கு தெனமும் ஸ்கூல் பசங்கள ஏத்திக்கினு போறியே?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி.

"அது மாச சவாரிமா. அதுல எமகண்டம் கெடயாது."

சிரித்தோம். ஆனால் அவர் மாறவில்லை. எனக்கு ஒன்றரை மணி நேரம் போனது. ஏழரைக்கு ஆரம்பித்தால் ஒன்றரைக்கு முடியும். வெயில் என்றுதானே போட்டிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

திங்களும் செவ்வாயும் அவள் படித்த மாதிரியே வெயில். புதன்கிழமை மேகம் வந்தது, போனது. அன்றைக்கு நான் அடையாறில் வேலையில் இருந்தேன். மூணு மணிக்குப் பெரிய சொட்டாகப் பத்து நிமிஷம் போட்டது. மயிலாப்பூரில் துளி இல்லை என்று ஆட்டோக்காரர் போனில் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. இருந்திருக்கக் கூடாது.

வியாழக்கிழமை ஆறு மணிக்கே ஆட்கள் வந்தாச்சு. மொத்தம் பதினாறு பேர். பெரிய மெஷின் அந்தச் சந்துக்குள் நுழையாது. சின்ன மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினோம். கலவை கீழே கொட்டும். அங்கிருந்து சாரத்தில் வரிசையாக நின்று சட்டியைக் கை மாற்றி மேலே அனுப்ப வேண்டும். மேலே நான் வாங்கிப் பரப்புவேன்.

ஏழு மணிக்கே பக்கத்து வீட்டம்மா ஆரம்பித்துவிட்டாள். அவள் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். "சிமெண்ட் தூசி மாவுல உழுந்தா உங்க எல்லாருக்கும் அதே மாவுல இட்லி சுட்டுக் குடுப்பேன்," என்றாள்.

"கல்லு மாதிரி இருக்கும்மா, பசி தாங்கும்," என்றான் மெஷின்காரன்.

"வாய மூடிக்கினு வேலயப் பாருடா."

மகள் ஏழு இருபதுக்கு ஓடி வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்தவள். அன்றைக்குச் சமையல் வேலைக்கு லீவு சொல்லியிருந்தாள். மஞ்சளில் பிள்ளையார் பிடித்துச் செங்கல் மேல் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். எங்கள் வழக்கம், எந்த வீட்டிலும் முதல் சட்டியை வீட்டுப் பெண்பிள்ளைதான் கொட்ட வேண்டும். அறை யாருக்கோ அவள் கொட்டினால் இன்னும் நல்லது. ஏழரை தாண்டியதும் அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையால் கலந்த முதல் சட்டியோடு ஏணியில் ஏறினாள். சட்டியைச் சரியாகப் பிடித்தாள். பயம் இல்லை. கிழக்கு மூலையில் கொட்டினாள். கொட்டிவிட்டு ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எறங்குமா. ஆளு நிக்குது," என்றேன்.

ஏழு முப்பத்தஞ்சுக்கு மெஷின் சுற்ற ஆரம்பித்தது.

வேலை நன்றாகத்தான் போனது. சட்டி வருகிற தாளம் ஒன்று இருக்கிறது. அது பிடித்துவிட்டால் யாரும் பேச மாட்டார்கள். ஒன்பதரைக்குள் மூணில் ஒரு பங்கு முடிந்தது. கிழக்கில் இருந்து மேற்கே போட்டுக்கொண்டு போனேன்.

பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. எனக்கு ஒன்று இடித்தது. கடல் காற்று வரவில்லை. மயிலாப்பூரில் அந்த நேரத்துக்குக் கிழக்கே இருந்து காற்று வந்துவிடும். சட்டை முதுகில் இருந்து பிரியும். அன்றைக்குச் சட்டை ஒட்டிக்கொண்டே இருந்தது. கொடியில் துணி அசையவில்லை. கடல் காற்று வராத நாளில் மேற்கே இருப்பது இங்கே வரும். நான் பார்த்தவரைக்கும் அப்படித்தான்.

மகள் டீ கொண்டுவந்தாள். "போனப் பாரும்மா. இன்னிக்கு இன்னா போட்டுக்கீது?" என்றேன்.

எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "ஒரு மணில இருந்து இடி போட்டுக்கீது மாமா."

"வெயில்னு சொன்ன?"

"வெயில்தான் போட்டிருந்துச்சு. காலைல பஸ் ஏறும்போதுகூட பாத்தேன். சூரியன்தான் இருந்துச்சு. சாமி மேல சத்தியமா."

கீழே இருந்து மெஷின்காரன் கேட்டான். "எங்க இருந்து பாத்த?"

"ஊட்ல இருந்து."

"அது எங்க கீது, இது எங்க கீது? போன் எந்த ஊர்ல கீதோ அந்த ஊரு வானத்தத்தான் காட்டும். இங்க வந்து பாத்தாத்தான் மயிலாப்பூரு தெரியும்."

அவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப போன்கூட என்ன இந்த ஊருன்னு ஒத்துக்கல," என்றாள்.

அவள் அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். இத்தனை வருஷம் தளம் போட்டிருக்கிறேன். எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். எங்கே இருந்து பார்த்தாய் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவள் பிறந்தது இந்தச் சந்து. அவள் பார்ப்பது இந்த வானம்தான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

"டீயக் குடிச்சிட்டு சட்டிய அனுப்புங்க," என்றேன். வேறு என்ன சொல்ல.

என் மச்சான் பெயிண்டர். அன்றைக்கு தி.நகரில் ஒரு துணிக்கடையின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்தான். ஐந்தாவது மாடி உயரத்தில் இருந்தால் கிண்டி வரைக்கும் தெரியும். அவனுக்குப் போன் போட்டேன்.

"மாமா, கிண்டி கருப்பா கீது," என்றான்.

"நகருதா?"

"நிக்கிற மாதிரிதான் கீது. நின்னுக்கினே பெருசாவுது."

பன்னிரண்டே காலுக்கு அவனே கூப்பிட்டான். "எறங்கிட்டேன் மாமா. இங்க தூற ஆரம்பிச்சிடுச்சு. ரெயின்கோட்டு போட்டுக்க."

"தளத்துக்கு இன்னாடா போடறது?"

போனை வைத்துவிட்டேன்.

"தி.நகர்ல இருந்து இங்க வர எவ்ளோ நேரம் ஆவும்?" என்று ஆட்டோக்காரரைக் கேட்டாள் என் வீட்டுக்காரி.

"எனக்கு அர மணி. அதுக்கு சிக்னல் இல்ல," என்றார். சொன்னவர் சிரிக்கவில்லை.

நாலில் ஒரு பங்கு பாக்கி. ஒரு மணி நேர வேலை. இப்போது இரண்டு வழி. ஒன்று, போட்டவரைக்கும் ஒரு பலகை வைத்து நிறுத்தி மூடிவிடலாம். போட்டது தப்பிக்கும். ஆனால் அந்த இடத்தில் இணைப்பு விழும். அவள் படுக்கப் போகிற இடத்துக்கு நேர் மேலே. பாக்கியைப் போட ஆட்கள் சித்திரை கழிந்துதான் வருவார்கள். ஜூன் போச்சு. இன்னொன்று, நிற்காமல் போவது. மழை முந்தினால் எல்லாமே கெடும்.

ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு மேஸ்திரி."

நான் மகளைப் பார்த்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்து என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். அவள் போய் வரிசையில் நின்று சட்டிக்குக் கை நீட்டினாள்.

"நிக்க வேணாம். போடுங்க," என்றேன். "மூடறதுக்கு எதுனா வேணும். தார்ப்பாய் ஒண்ணுதான் கீது. பத்தாது."

"பேனரு," என்றாள் என் வீட்டுக்காரி.

சந்தில் ஓடினார்கள். நம்ம ஊரில் எந்த வீட்டில் தார்ப்பாய் இல்லையென்றாலும் பிளக்ஸ் பேனர் இருக்கும். விசேஷம் முடிந்ததும் கழற்றி மடித்து வைத்துக்கொள்வார்கள். கூரைக்கு ஆகும், வண்டிக்கு மூட ஆகும். பத்து நிமிஷத்தில் வந்து குவிந்தது. காது குத்தல் ஒன்று. கல்யாணம் இரண்டு. பிறந்த நாள் ஒன்று. யாரோ தலைவரை வரவேற்கிற பேனர், அது பெருசு. போட்ட தளத்தை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தோம். ஓரத்தில் செங்கல் வைத்தோம்.

இன்னும் ஒன்று குறைந்தது. மாவு அம்மா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனாள். சுருட்டின பேனர் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிரித்தால், கண்ணீர் அஞ்சலி. அவள் புருஷன் படம். சட்டைப் பையில் பேனா குத்தி, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தப் போடவா?" என்று தயங்கினார் ஆட்டோக்காரர்.

"போடு. மாடில தண்ணித் தொட்டிய மூடிக்கினு சும்மாதானே கீறாரு." அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள். "மூஞ்சி மேல இருக்கட்டும். சிமெண்டுல குப்புறப் போட்டுடாத."

முகம் மேலே இருக்கிற மாதிரிதான் போட்டேன்.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது காற்று வந்தது. மேற்கே இருந்து. புழுதியும் குப்பையும் சந்தில் ஓடின. வெளிச்சம் இறங்கியது. கடைசி மூலை பாக்கி. மேற்கு மூலை. பத்துப் பதினைந்து சட்டி வந்தால் முடிந்தது.

முதல் சொட்டு என் கைமேல் விழுந்தது. சில்லென்று இருந்தது.

மெஷின்காரன் அவசரத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கூட ஊற்றினான். தண்ணீர் கூடினால் கலவை வழுக்கிக்கொண்டு வரும். சட்டி சீக்கிரம் நிறையும், சீக்கிரம் பரவும். ஆனால் வலு இருக்காது. காய்ந்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக நிற்கும். நான் மேலே இருந்து பார்த்தேன். வேறு நாளாக இருந்தால் அந்தக் கலவையைச் சந்தில் கொட்டச் சொல்லியிருப்பேன். அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பேன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. கூழ் மாதிரி வந்தது. வாங்கினேன். மூலையில் கொட்டிப் பரப்பினேன்.

மழை பிடித்துக்கொண்டது. மூலையை இன்னும் மட்டம் பண்ணவில்லை. என் வீட்டுக்காரியும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் மேலே ஏறி வந்தார்கள். சாரத்திலும் ஓரப் பலகையிலும் நின்று, கல்யாண பேனர் ஒன்றை விரித்து நாலு பக்கமும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். நான் அடியில் உட்கார்ந்து தேய்த்தேன். மகளும் ஒரு முனையைப் பிடித்திருந்தாள். பேனர் நடுவில் தண்ணீர் தேங்கித் தொப்பையாக இறங்கியது. என் வீட்டுக்காரி அதைக் கட்டைக் கோலால் முட்டி வெளியே தள்ளினாள். பாதித் தண்ணீர் அவள் மேலேயே விழுந்தது.

"மேல கொஞ்சம் சிமெண்ட தூவி உடட்டா? ஈரம் இழுத்துக்கும்," என்றாள்.

"வேணாம். தோலு மாதிரி உரிஞ்சு வரும்."

"அப்ப சீக்கிரம் தேயேன்யா. கை போவுது."

"புடி."

"புடிச்சுக்கினுதான் கீறேன். உன்னக் கட்டிக்கினதுல இருந்து எத்தையாவது புடிச்சுக்கினேதான் கீறேன்."

பெண்கள் சிரித்தார்கள். சிரித்ததில் பேனர் ஆடியது. முதுகில் ஒரு குடம் தண்ணீர் இறங்கியது எனக்கு.

முக்கால் மணி நேரம் பெய்தது. அப்புறம் நின்றுவிட்டது. ஓட்டுக் கூரைகளில் இருந்து ஆவி எழும்பியது. வெயில்கூட அடித்தது. பதினாறு பேரும் நனைந்த துணியோடு மாவு அம்மா வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். மகள் சமைத்திருந்தாள். சாம்பார், முட்டை, உருளைக்கிழங்கு. எல்லாரும் நிறையச் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.

சாயங்காலம் பேனரை எடுத்துப் பார்த்தோம். தளம் நன்றாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், பதியவில்லை. மேற்கு மூலையில் மட்டும் ஒரு முழம் அகலத்துக்கு மேல்பூச்சு கழுவிப் போய் ஜல்லி தெரிந்தது. "அத்த மேல பூசிக்கலாம்," என்றேன். ஆட்டோக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இல்லன்னா இன்னிக்கு அவ்ளோதான் மேஸ்திரி," என்றார்.

நான் கையை விடுவித்துக்கொண்டு கரணையைக் கழுவப் போனேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரி சொன்னாள். "கடைசில வந்தது தண்ணியா இருந்துச்சு. நானும் பாத்தேன்."

"தெரியும்."

"சொல்லப்போறியா?"

"தகடு பிரிக்கும்போது தெரிஞ்சிடும்."

"அதுக்குள்ள அவ மூட்ட கட்டிடுவா."

அடுத்த நாள் தளத்தின் மேலே ஓரமாக மண்ணில் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தினேன். வெள்ளி பெய்தது. சனியும் பெய்தது. அந்த மழை எல்லாம் தளத்துக்கு நல்லது. ஊரே வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த மூலைதான் மண்டையில்.

இருபத்தோரு நாள் கழித்துத் தகடு பிரித்தோம். மகள் வேலைக்கு நடுவில் வந்திருந்தாள். கையில் கத்திரிக்காய்ப் பை. ஒவ்வொரு தகடாகத் தட்டி இறக்கினேன். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. கடைசித் தகடு, மேற்கு மூலை. இறக்கினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை ஓட்டையாக இருந்தது. நடுவில் கம்பி தெரிந்தது.

ஆட்டோக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மழல இப்டி ஆயிடுச்சா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். மழையைக் கேட்க யார் போகப்போகிறார்கள்.

"மழ இல்ல. கடைசி கலவைல தண்ணி ஜாஸ்தி. நான் பாத்தேன். பாத்துக்கினே வாங்கினேன். முடியணும்னு," என்றேன்.

அவர் தலையில் கட்டின துண்டை அவிழ்த்தார். திரும்பக் கட்டினார். அதுக்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மகள்தான் கேட்டாள். "இடிஞ்சு உழுமா மாமா?"

"உழாது. மூலை. பாரம் சொவுருல எறங்குது. ஆனா அப்டியே உட்டா ஒழுகும். கம்பி துரு ஏறும்."

"சரி பண்ண முடியுமா?"

"முடியும். கொத்தி எடுத்துட்டு வேற போடணும். போட்டு மேல நாலு நாள் தண்ணி கட்டிப் பாக்கணும். கீய ஈரம் வரலன்னா சரி. வந்தா இன்னும் கொத்தணும்."

"ஜூனுக்குள்ள?"

"ஜூனுக்குள்ள."

அவள் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். சமைக்க நேரமாகிவிட்டது அவளுக்கு.

ஆட்கள் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். நானும் என் வீட்டுக்காரியும்தான். சாரத்தில் படுத்தபடி தலைக்கு மேலே உளியால் கொத்தினேன். ஒரு நாள் முழுக்க. பொடி கண்ணில் விழுந்தது. நல்ல காங்கிரீட் தட்டுப்படுகிறவரைக்கும் கொத்தினேன். உளி பட்டால் சத்தம் மாறும். அதுவரைக்கும். மேலேயும் அதே அகலத்துக்குக் கொத்தினேன். அப்புறம் சிமெண்ட் பால் ஊற்றி, கெட்டிக் கலவை வைத்து அடைத்தோம். தண்ணீரை என் வீட்டுக்காரி அளந்து ஊற்றினாள். ஒரு சொம்பு. அதுக்கு மேலே கேட்டேன். தரவில்லை.

ஒரு வாரம் ஈரச்சாக்குப் போட்டு வைத்தேன். அப்புறம் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தினேன். நாலு நாள்.

முதல் நாள் பார்த்தேன். காய்ந்திருந்தது. இரண்டாம் நாள் நான் போகும் முன்னே மகள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள். சுவரில் அவள் கை வைத்த சமையல் மஞ்சள் தெரிந்தது. மூன்றாம் நாள் மூலைக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு தடம். ஏணி போட்டு ஏறித் தொட்டேன். ஈரம் இல்லை. கலவை ஒட்டாமல் இருக்கத் தகட்டில் தடவின எண்ணெய்.

நாலாம் நாள் காலையில் போனேன். வெயில் ஏறியிருந்தது. மகள் முன்னாலேயே வந்து அறைக்குள் நின்றுகொண்டிருந்தாள். ஏணியில் ஏறி மூலையில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். திரும்ப வைத்தாள். புறங்கையை வைத்தாள். கன்னத்தையும் வைத்துப் பார்த்தாள்.

"காஞ்சுதான் கீது," என்றாள்.

நானும் ஏறித் தொட்டேன். காய்ந்துதான் இருந்தது.

"ஞாயித்துக்கெழம சாமான் ஏத்த வண்டி சொல்லட்டா?"

"பூச்சு பாக்கி. கதவு பாக்கி."

"கதவு இல்லன்னா படுதா கட்டிக்கிறேன். வண்டி சொல்லட்டா மாமா?"

"சொல்லு."

மேலே போனேன். மண்வெட்டியால் வரப்பை உடைத்தேன். நாலு நாள் தண்ணீர் மொத்தமும் ஒரே பக்கமாக ஓடி, குழாய் வழியாகச் சந்தில் விழுந்தது. கீழே இருந்து மாவு அம்மாவின் சத்தம் வந்தது.

"யோவ் மேஸ்திரி! இப்பதான்யா வாசல்ல கோலம் போட்டேன்! மேல நின்னா கண்ணு தெரியாதா?"

"புதுசா குடி வரவதான் தொறக்கச் சொன்னா," என்று மகள் மேல் பழியைப் போட்டேன்.

கீழே அறைக்குள் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.